வாத்துப் படம் போட்ட அந்த ஆப் பத்தி கேட்டியே

கலா,

எப்படிடி இருக்க? நீ அனுப்புன மூணு வாய்ஸ் மெசேஜும் கேட்டேன், என் போன்ல இருக்குற வாத்துப் படம் போட்ட ஆப் என்ன, தமிழ்ல தேடுனா அதுல எப்படி வருதுன்னு கேட்டிருந்த, போன்லயே சொல்லிரலாம்னுதான் நெனச்சேன், ஆனா நாம பேச ஆரம்பிச்சா அஞ்சாவது நிமிஷம் ஹாஸ்டல் கதைக்குப் போயிருவோம், கேட்டதுக்கு பதில் வராது, அதான் லைப்ரரி சாத்துனப்புறம் உக்காந்து டைப் பண்றேன். மொதல்ல அம்மா விஷயம். பயாப்ஸி ரிசல்ட் வந்துருச்சு, சாதாரண கட்டிதானாம், பயப்பட ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ காமிக்கணும், அவ்ளோதான்.

அந்த ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் இருந்துச்சு பாரு, அதுலதான் நீ கேட்ட விஷயமும் இருக்கு. நான் அம்மாகிட்ட எதுவும் சொல்லல, சும்மா செக்கப்னுதான் கூட்டிட்டுப் போனேன். ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் போன எடுத்து வச்சுக்கிட்டு கட்டி, பயாப்ஸி, இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா, எத்தன பேர் பொழைக்கிறாங்க, இப்படி யார்கிட்டயும் வாய் விட்டுக் கேக்க முடியாததெல்லாம் தேடிக்கிட்டே இருப்பேன். அம்மா போன்லயும் என் மெயில் ஐடிதான் போட்டு வச்சிருந்தேன், அவங்களுக்குன்னு தனியா எதுவும் ஆரம்பிக்கல. மூணாவது நாள் காலைல சமையல் வீடியோ பாத்துக்கிட்டு இருந்தவங்க கூப்பிட்டு, ஏன்டி என் போன்ல ஒரே கேன்சர் ஆஸ்பத்திரி விளம்பரமா வருதுன்னு கேட்டாங்க. எனக்கு கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு கலா. நான் ஒளிச்சு வச்சத அவங்க போனே போட்டுக் குடுத்துருச்சு.

அன்னைக்கு மத்தியானம்தான் டக்டக்கோ போட்டேன், கூகுள் மாதிரி ஒரு சர்ச் இன்ஜின். நீ பாத்த வாத்துப் படம் அதுதான்.

இத 2008ல கேப்ரியல் வைன்பர்க்னு ஒருத்தர் அமெரிக்கால, பென்சில்வேனியால ஆரம்பிச்சாரு, ரொம்ப நாள் தனி ஆளாத்தான் நடத்திருக்காரு. அங்க சின்னப்புள்ளைங்க வட்டமா உக்காந்து ஆடுற டக் டக் கூஸ்ங்குற ஆட்டத்தோட பேர்ல இருந்து வந்ததுதான் இந்தப் பேரு, நம்ம குலை குலையா முந்திரிக்கா மாதிரி ஒண்ணு. இது சொல்றது ஒரே விஷயம், நீ தேடுனத உன் பேரோட சேத்து எழுதி வைக்க மாட்டோம். நேத்து நீ என்ன தேடுனன்னு இன்னைக்கு அதுக்குத் தெரியாது. அப்ப காசு எப்படின்னு கேப்ப. விளம்பரம்தான், ஆனா அந்த நிமிஷம் நீ டைப் பண்ண வார்த்தைய வச்சு மட்டும். குக்கர்னு தேடுனா குக்கர் விளம்பரம் வரும், அந்தப் பக்கத்த மூடுனா கதை முடிஞ்சுது, அது உன் பின்னாடியே வீடு வரைக்கும் வராது. 2013ல அமெரிக்க அரசாங்கம் ஆளுங்கள எப்படிலாம் வேவு பாக்குதுன்னு அங்க உளவுத்துறைக்கு வேலை பாத்த ஸ்னோடன் வெளிய சொன்னாருல்ல, அதுக்கப்புறம்தான் நிறைய பேர் இந்தப் பக்கம் வந்தாங்க, 2014ல ஆப்பிள் போன்லயே இத ஒரு சாய்ஸா வச்சாங்க, 2021 ஜனவரில ஒரே நாள்ல பத்து கோடி தேடல தாண்டிருச்சு.

எனக்கு இது ஏன் மனசுக்கு ஒட்டுதுன்னா, நான் பாக்குற வேலை அப்படி. எந்தப் பையன் எந்த புக்க எடுத்துட்டுப் போனான்னு என் ரெஜிஸ்டர்ல இருக்கும், ஆனா திருப்பிக் குடுத்துட்டான்னா அத வச்சு நான் அவன எடை போடக்கூடாது, யார் வந்து கேட்டாலும் சொல்லக்கூடாது. ஒரு தடவ ஒரு பொண்ணு மனநோய் பத்தின புக்கா எடுத்துக்கிட்டே இருந்தா, அவ டிபார்ட்மெண்ட்ல இருந்து ஒருத்தர் வந்து விசாரிச்சாரு, நான் சொல்ல மாட்டேன் சார்னு சொல்லிட்டேன். அந்த மரியாதை போன்லயும் கெடைக்கணும்னு கேக்குறது தப்பில்லல்ல.

குறை இல்லாம இல்ல, அதையும் சொல்லிர்றேன், நீ உன் பொண்ணு போன்லயும் போடப் போறேன்னு சொன்னதால. மொதல் விஷயம், இது தன்னோட சொந்தக் கால்ல முழுசா நிக்கல. சாதாரண லிங்க் ரிசல்ட்ல பெரும்பகுதி மைக்ரோசாஃப்டோட சர்ச் இன்ஜின் பிங்ல இருந்துதான் வருது. கோடிக்கணக்கான பக்கத்த சுத்திப் பாத்து எதுல என்ன இருக்குன்னு பட்டியல் போட்டு இன்டெக்ஸ் பண்றதுக்கு ஆகுற செலவு சின்ன கம்பெனி தாங்காது, உலகத்துல அத சொந்தமா பண்றவங்க விரல் விட்டு எண்ற அளவுதான். 2024 மே 23ம் தேதி பிங் படுத்தப்போ இதுவும் கூடவே படுத்துருச்சு. இன்னொன்னு, 2022ல ஒரு ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சாரு, இவங்களோட போன் ப்ரவுசர் நம்மள வேவு பாக்க சைட்டுக்குள்ள மத்த கம்பெனிங்க வைக்கிற ஸ்கிரிப்ட்டெல்லாம் தடுத்துட்டு மைக்ரோசாஃப்டோடத மட்டும் சில எடத்துல விட்டுருச்சுன்னு, ஒப்பந்தம் அப்படியாம். அது தேடல்ல இல்ல, ப்ரவுசர்லதான், ஆகஸ்ட்ல சரி பண்ணிட்டாங்க, இருந்தாலும் நம்பிக்கைய வச்சு கடை நடத்துறவங்க அத மொதல்லயே தெளிவா சொல்லிருக்கணும், அதுல எனக்கு இன்னும் வருத்தம்தான். அப்புறம் கடை, ஆஸ்பத்திரி, பஸ் டைம்னு பக்கத்துல இருக்குற விஷயத்துக்கு கூகுள் அளவுக்கு இதுல வெவரம் கெடையாது, அதுக்கு நான் கூகுளுக்கே போயிருவேன். செட்டிங்ஸ்ல ரீஜன இந்தியான்னு மாத்தி வையி, கொஞ்சம் பரவால்ல.

பொண்ணுகிட்ட ஒண்ணு தெளிவா சொல்லிரு. இது போட்டுட்டா ஆளே மறைஞ்சுட்டோம்னு அர்த்தம் இல்ல. போன்ல இருக்குற ஹிஸ்டரி அப்படியேதான் இருக்கும், க்ளிக் பண்ணி உள்ள போற சைட்டுக்கு நீ வந்தது தெரியும்.

அவளுக்குப் பிடிக்கப் போறது பேங்னு ஒண்ணு. ஆச்சரியக்குறி போட்டு ஒட்டுனாப்ல டபிள்யூ எழுத்து, அப்புறம் தேட வேண்டியது, நேரா விக்கிப்பீடியாக்குள்ள போயி நிக்கும். யூட்யூபுக்கு ஒய் டி, கூகுளுக்கு ஜி, இப்படி ஆயிரக்கணக்குல இருக்கு. ஆனா ஜி போட்டா அது கூகுள்தான், அங்க கூகுள் சட்டம்தான்.

தமிழ்ல தேடுனா எப்படி வருதுன்னு கேட்டல்ல. இதுக்கு எந்த சர்ச் இன்ஜினையும் தனியா குத்தம் சொல்ல முடியாது கலா, நம்ம மொழி அப்படி. மரம்னு தேடுறோம், எழுதுனவங்க மரத்தில்னும் மரங்களைனும் மரத்துக்குனும் எழுதிருப்பாங்க, இதெல்லாம் ஒண்ணுன்னு மெஷினுக்குப் புரிய வைக்கணும். கோயில்னு ஒருத்தர் கோவில்னு ஒருத்தர், கருப்பு கறுப்பு, அதுவும் சேத்துக்கோ. அது போக கம்ப்யூட்டர்ல எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு வர்றதுக்கு முன்னாடி திஸ்கி, பாமினின்னு ஆளுக்கொரு குறியீடு, எழுத்துரு வச்சு ஏத்துனதெல்லாம் மாத்தாம விட்டா, வெறும் கிறுக்கலாத்தான் தெரியும், தேடல்ல சிக்கவே சிக்காது. பழைய தமிழ் நூலெல்லாம் இலவசமா இணையத்துல ஏத்துறதுக்காக 1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டக்காரங்க திஸ்கில போட்டத பொறுமையா யூனிகோடுக்குக் கொண்டு வந்ததாலதான் இன்னைக்கு ஒரு சங்கப் பாட்டோட பாதி வரிய அடிச்சாக்கூட முழுப் பாட்டும் கைக்கு வருது, அவங்க சம்பளம் வாங்காம பாத்த வேலை அது, நெனச்சா கண்ணு கலங்குது. படமா ஸ்கேன் பண்ணி வச்ச பழைய புக்கு பல எடத்துல உள்ள என்ன எழுதிருக்குன்னே தெரியாம சும்மா கெடக்குது. லைப்ரரிக்கு வர்ற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது, ஒரே வார்த்தைய ரெண்டு மூணு ரூபத்துல போடுங்க, வரி அப்படியே வேணும்னா மேற்கோள் குறிக்குள்ள போடுங்க, ஒரு எடத்துல கெடைக்கலன்னா இன்னொரு எடத்துல தேடுங்க, கெடைக்கலங்குறதுனால இல்லவே இல்லன்னு முடிவு பண்ணாதீங்க.

2020 ஜூலைல நம்ம நாட்டுல நெறைய பேருக்கு கொஞ்ச நாள் இந்த டக்டக்கோ சைட்டே ஓபன் ஆகாம இருந்துச்சு, நான் அப்ப இத கேள்விப்பட்டதோட சரி, இப்ப இருந்தா எனக்கு கை ஒடிஞ்ச மாதிரி இருந்திருக்கும்.

அம்மாவுக்கு இப்ப தனி மெயில் ஐடி ஆரம்பிச்சுக் குடுத்துட்டேன். ரிசல்ட் வந்த அன்னைக்கு சாயந்திரம் எல்லாத்தையும் சொல்லிட்டேன், எனக்கு விளம்பரம் வந்தப்பவே தெரியும்டின்னு சொன்னாங்க, வேற எதுவும் கேக்கல, தோச சுட்டுக் குடுத்தாங்க. தை மாசம் நீ வருவேன்னு சொல்லி வச்சிருக்கேன், வரலன்னா என்னத்தான் திட்டுவாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வா, போன்ல போடுறத நானே உக்காந்து போட்டுக் குடுக்குறேன். உன் மாமியார் முட்டி வலி எப்படி இருக்குன்னு எழுது.

உன்
செல்வி