அக்காவுக்கு, உடன்படிக்கை ஞாயிறுக்கு முன்

அக்கா,

வருகிற ஞாயிறு, 4ஆம் திகதி, வெள்ளவத்தையில் எங்கள் மெதடிஸ்ட் சபையின் உடன்படிக்கை ஆராதனை, வருடத் தொடக்கத்தில் நம்மைத் திரும்பக் கர்த்தருக்குக் கையளிக்கிற ஆராதனை. இந்த முறை அதில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் அந்த ஜெபத்தை நானும் வாய்விட்டுச் சொல்லப் போகிறேன். அம்மா போன பிறகு அந்த இடம் வந்தாலே வாயை மூடிக்கொண்டு நிற்பேன். உனக்கு இது தெரிந்திருக்காது, நீதான் அதற்குள் சபை மாறிவிட்டாயே.

31ஆம் திகதி இரவு உங்கள் பக்கம் விடிய விடிய ஜெபம் நடந்திருக்கும். புது வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையும் எடுத்திருப்பாய். என்ன வசனம் வந்தது என்று கேட்க ஆசை, கேட்கப் பயமாகவும் இருக்கிறது.

அம்மா போன அந்த வருடம் உனக்கு வந்தது சங்கீதம் 118:17. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." மூலை மடங்கிவிடாமல் பைபிளுக்குள் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, அம்மாவின் தலையணை உறைக்குள் செருகினாய். அம்மா தடவி எடுத்து, கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பெரிய எழுத்தில அடிச்சிருக்கலாம்" என்றார். நீயும் சிரித்தாய். பிறகு, "இண்டைக்கு உடன்படிக்கை ஞாயிறெல்லோ?" என்று கேட்டு, தானாகவே ஜெபத்தைத் தொடங்கினார். வேலையில் வைத்தாலும் சரி, ஓரமாக வைத்தாலும் சரி, நிரப்பினாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி என்று வருகிற இடத்தில் நீ அவரின் கையைப் பிடித்தாய். "அப்பிடிச் சொல்லாதேங்கோ அம்மா, அது அவிசுவாசம்."

அம்மா நிறுத்திவிட்டார். மிச்சத்தைச் சொல்லவேயில்லை.

மாசியில் அடக்கம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, இன்னும் இல்லை என்று தெரிகிறது. அம்மா பிழைக்க வேண்டும் என்று நீ எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் நான் கன்டீனில் இருந்து ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். அதைக்கூடக் குறையாகச் சொன்னாய். பசித்தது, சாப்பிட்டேன். அதற்கு என்ன செய்ய?

இதை இரண்டு சபையாரும் வாசிப்பார்கள். அதனால் வராந்தாவில் சித்திக்கு முன்னால் நடந்ததை விட்டுவிடுகிறேன். உங்கள் போதகர் நல்ல மனிதர், அடக்கத்துக்கும் வந்தார். அவ்வளவு போதும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். அந்த ஜெபத்தை நீ "ஏட்டு ஜெபம், ஆவி இல்லாதது" என்பாய். ஏட்டு ஜெபம்தான். 1755இல் லண்டனில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி முதல் உடன்படிக்கை ஆராதனையை நடத்தியபோது அவரும் சொந்தமாக எழுதவில்லை, தனக்கு முன் இருந்த ரிச்சர்ட் அலீன் என்ற பியூரிட்டன் போதகரின் வார்த்தைகளைத்தான் எடுத்தார். அப்புறம் என்ன? புறக்கோட்டையில் 1816இல் கட்டின ஆலயத்தில் அம்மாவும் அப்பாவும் சொன்ன கல்யாண வாக்கும் ஏட்டில் இருந்ததுதான். அதை ஆவி இல்லாதது என்று நீ சொல்ல மாட்டாய்.

எனக்கு உங்கள் அட்டையில் உள்ள சங்கடம் வேறு. அதில் கர்த்தர் எனக்கு என்ன தரப்போகிறார் என்று மட்டும் இருக்கிறது. தராத வருடத்தில் நான் யாரைப் போய்க் கேட்பது? அம்மாவின் ஜெபத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, எல்லாவற்றையும் முதலிலேயே கையளித்துவிடுகிறார்கள். அது எனக்கு இன்னும் பயம். "வெறுமையாக்கினாலும் சரி" என்று முழு மனதோடு சொல்ல முடியுமா, தெரியவில்லை. இந்த வருடம் சொல்லிப் பார்க்கிறேன். விசுவாசம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்றால் எனக்கு அந்த வரியில்தான் தொடங்க வேண்டும்.

நீயும் வரலாம். தெஹிவளையில் இருந்து 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம்தான், அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. ஆனால் வருவதென்றால் முன்கூட்டியே சொல்லாதே. சொன்னால் வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், நீ வராவிட்டால் கோபத்தில் ஜெபம் வாயில் வராது. போன கிறிஸ்மஸுக்கும் வருகிறேன் என்றுதான் சொன்னாய்.

தம்பி