பக்தி எங்கே, கணக்கு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தஞ்சைப் பெரிய கோயில் இராஜராஜனின் பக்தியால் எழவில்லை, அது முழுக்க அரசியல் விளம்பரம் என்று சென்ற இதழின் கட்டுரை அடித்துச் சொல்கிறது. அதில் காட்டியிருக்கும் சான்றுகளோடு எனக்குச் சண்டை இல்லை. கோயிலுக்குத் தன் பெயரையே வைத்து இராஜராஜேச்சுரம் என்றான். சேரனையும் பாண்டியரையும் வென்று அள்ளிய பண்டாரத்திலிருந்துதான் கொடுத்தேன் என்பதை ஒளிக்காமல் கல்லில் வெட்டவும் செய்தான். கோயில் பணம் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போய், காசுக்கு அரைக்கால் காசு, அதாவது ஆண்டுக்கு 12.5 சதவீதம் வட்டியோடு திரும்பிய கணக்கும் அதே சுவர்களில் இருக்கிறது.

ஆனால் விளம்பரத்துக்குப் பார்க்க ஆள் வேண்டாமா? கருவறையைச் சுற்றி ஓடும் உட்சுற்று குறுகலானது, இருட்டானது. சுந்தரர் கயிலைக்குப் போவதையும், சிவன் திரிபுரம் எரிப்பதையும் அங்கேதான் தீட்டி வைத்தார்கள். நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்த அவை 1931இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. மேல்தளச் சுற்றில் சிவனே ஆடும் கரணங்கள், அதாவது நடன நிலைகள், 81. மீதி 27க்கு ஒதுக்கிய கற்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. ஊர்சனம் அன்றும் அங்கே ஏறிப் பார்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரை மயக்க அந்த உழைப்பு?

அடித்தளத்துக் கல்வெட்டை ஒருமுறை விரலால் தடவிப் படித்தேன். 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள். திருமஞ்சன சாலையில், அதாவது நீராடும் மண்டபத்தில், தானம் செய்துகொண்டிருந்தபடியே சொன்னானாம்: “நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லிலே வெட்டுக. ‘கொடுத்தன’ இல்லை, ‘குடுத்தன’. நம் வீட்டுப் பேச்சு! வாய்மொழியை அப்படியே பொறித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். ‘நாம்’ முதலில் வருவதில் ராஜகர்வம் இருக்கிறது, சரி. சிவபாதசேகரன், அதாவது சிவன் பாதத்தைத் தலையில் சூடியவன், என்று பட்டம் சூடிக்கொண்டவனும், பதிகம் பாட 48 பேரை நியமித்தவனும் அதே ஆள்தானே.

என் சந்தேகம் வேறோர் இடத்தில். நாகப்பட்டினத்தில், சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தின் அரசன் சூளாமணிவர்மன் தொடங்கி, அவன் மகன் முடித்த பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் எழுதிக் கொடுத்தான். இன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரின் பெயரால் அழைக்கப்படும் பெரிய செப்பேடுகள் அதைத்தான் சொல்கின்றன. மதப்பொறைக்கு எடுத்துக்காட்டு என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் நானும் சொல்லிக் கொடுத்தேன். இப்போது யோசித்தால், சீனம் வரை போகும் கடல்வழியில் உட்கார்ந்திருந்த அரசனைக் கையில் வைத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடாகவே படுகிறது. இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் 1025 வாக்கில் அந்த ஸ்ரீவிஜயத்தின் மேலேயே கப்பற்படையை ஏவினான்.

கணக்குப் பார்த்துச் செய்ததைப் பெருந்தன்மை என்று பாராட்டுகிறோம். இருட்டுச் சுவரில் தீட்டியதை வேஷம் என்கிறோம். கட்டுரையில் ஆனைமங்கலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதையும் எடுத்துக்கொண்டு கட்டுரையாளர் மறுபடி எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.