கையால் திறக்கிற மாதிரி செய்து கொடுங்கள்

பொருள்களுக்குப் பேக்கிங் வடிவமைக்கிறவர்களுக்கும், அந்த வடிவத்தைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுகிற உற்பத்தி நிறுவனப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கைதான். நடுவில் கோபத்தில் வேறு எங்காவது போய்விடுவேனோ என்று பயமாக இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய பொருளை, கத்தியும் பல்லும் இல்லாமல், வெறுங்கையால் திறக்கிற மாதிரி செய்து கொடுங்கள்.

எந்த பேக்கிங்கைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். பின்னால் அட்டை, முன்னால் கண்ணாடி மாதிரி கெட்டிப் பிளாஸ்டிக், சுற்றிலும் சூட்டில் ஒட்டிய விளிம்பு, மேலே கடைக் கொக்கியில் தொங்கவிட ஒரு துளை. பிரஷ், சார்ஜர் ஒயர், பென்சில் பேட்டரி எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. கடையில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு.

என் அம்மாவுக்கு 71 வயது. தனியாக இருக்கிறார். விரல் மூட்டுகளில் வாதம். காலையில் எழுந்தால் கை மடங்கவே அரைமணி நேரம் பிடிக்கும். படுக்கப்போகும் முன் தினமும் மெஷினில் ரத்த அழுத்தம் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். போன வாரம் ஒருநாள் ராத்திரி தலை கிறுகிறுவென்று இருந்திருக்கிறது. பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். பாதிக் காற்று ஏறி அப்படியே நின்றுவிட்டது. திரையில் பேட்டரி படம் மட்டும் மினுக்கியது. வீட்டில் பேட்டரி இல்லாமல் இல்லை. நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன், நான்கு பேட்டரி உள்ள புது அட்டை. மேசை இழுப்பறையில் இருந்தது.

மறுநாள் காலை நான் போனபோது அந்த அட்டை மேசைமேல் கிடந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் 'இங்கே அழுத்தவும்' என்று பிறை வடிவத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு போட்டிருப்பீர்களே, அந்த இடம் குழிந்து நசுங்கியிருந்தது. கிழியவில்லை. அட்டைக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் எவ்வளவு அழுத்தினாலும் அது வளைந்து கொடுக்கிறதே தவிர விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு மூலையில் பல் பதிந்த தடம். மேல் விளிம்பில் காய் நறுக்கும் கத்தியால் குத்திய மூன்று ஓட்டைகள். நான்காவது குத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குக் கீழே அட்டையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

கத்தி வெட்டவில்லை என்றார் அம்மா. பிளவுக்குள் கட்டைவிரலை நுழைத்து இழுத்திருக்கிறார். வெட்டுப்பட்ட பிளாஸ்டிக்கின் ஓரமே பிளேடு மாதிரி ஆகிவிடும். அதுதான் சதையைக் கிழித்திருக்கிறது. நான்கு பேட்டரியும் உள்ளேயே, ஒன்றுகூட நகராமல், வரிசையாக இருந்தன.

"ராத்திரி நேரத்துல உன்னை எதுக்கு எழுப்பணும்னு விட்டுட்டேன்" என்றார். நோட்டைப் பார்த்தேன். அன்றைய தேதியை எழுதி, எண் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்.

அந்தக் கோட்டுக்காகத்தான் இந்தக் கடிதம்.

அட்டையில் அச்சடித்திருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அன்றைக்கே பேசினேன். பேசிய பெண் பொறுமையாகத்தான் கேட்டார். பேட்டரியில் பழுது இருந்தால் மாற்றித் தருவோம் என்றார். பேட்டரியில் பழுதா இல்லையா என்று பார்க்கிற இடத்துக்கே நாங்கள் இன்னும் வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கத்தரிக்கோல் வைத்து வெட்டிப் பாருங்கள்" என்றார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கையில் கொடுத்திருக்கிற பதில் அவ்வளவுதான். வருத்தமெல்லாம் அந்தப் பதிலே போதும் என்று முடிவு செய்த உங்கள்மேல்தான்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. சின்னப் பொருளைப் பெரிய அட்டையில் அடைத்தால் யாரும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போக முடியாது. பொருள் வெளியே தெரியவேண்டும், லாரியில் குலுங்கி உடையக் கூடாது, கொக்கியில் தொங்கவேண்டும். எல்லாம் சரி. ஆனால் இவை எல்லாமே கல்லாவில் பில் போடுகிற வரைக்கும் உள்ள கவலைகள். பில் போட்ட பிறகு அந்தப் பொருள் என்னுடையது. திருடனுக்காகப் போட்ட பூட்டை வாங்கினவர் வீட்டுக்கும் சேர்த்து அனுப்பிவைத்தால் எப்படி?

பாதுகாப்புக்காக என்று சொல்வீர்கள். பொத்தான் அளவு இருக்கிற வட்ட பேட்டரிக்கு அது பொருந்தும். குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். அதற்கு எவ்வளவு கெட்டியான பேக்கிங் போட்டாலும் நான் கை கூப்புவேன். அம்மா வாங்கியது அது அல்ல.

சரி, பாதுகாப்பு என்ற பேச்சே வந்துவிட்டதால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். குழந்தைகள் திறக்கக் கூடாது என்றே செய்யப்படுகிற மருந்து மூடி இருக்கிறது அல்லவா, அழுத்திக்கொண்டே திருகவேண்டிய மூடி. 1967ல் கனடாவின் வின்ட்சர் நகரத்து குழந்தை மருத்துவர் ஹென்றி பிரோ, விஷ மாத்திரை தின்று வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1970ல் அதற்கென்றே சட்டம் வந்தது. முதலில் அந்த மூடிகளைப் பெரியவர்களால் திறக்க முடிகிறதா என்று சோதித்தது 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களை வைத்துத்தான். பிறகு என்ன ஆயிற்று? கை நடுங்குகிற வயதானவர்கள், ஒரு தடவை கஷ்டப்பட்டுத் திறந்த பாட்டிலை மறுபடி மூடாமலேயே வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பேரப்பிள்ளைக்கு அது திறந்தே கிடைத்தது. அதனால் 1995ல் விதியை மாற்றினார்கள். இப்போது அங்கே 50 முதல் 70 வயது வரை உள்ளவர்களிடம் மூடியைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். முதல் தடவைக்கு ஐந்து நிமிடம், அடுத்த தடவைக்கு ஒரே நிமிடம். நூற்றுக்கு 90 பேராவது திறந்து, சரியாக மூடியும் காட்டவேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திறக்கக் கூடாது என்று செய்த மூடியையே வயதானவர் கையில் கொடுத்துச் சோதிக்கிறார்கள். திறப்பதற்காகவே விற்கிற பேட்டரி அட்டையை நீங்கள் யார் கையில் கொடுத்துச் சோதித்தீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன். ஒருவர் கையிலாவது கொடுத்திருந்தால் அவர் பெயர் வேண்டாம், வயதை மட்டும் சொல்லுங்கள்.

திறப்பதைப் பற்றி யோசிக்காமல் அடைக்கிற பழக்கம் இந்தத் தொழிலில் இன்று நேற்று வந்ததல்ல. தகர டப்பாவில் உணவை அடைத்து வைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் காப்புரிமை வாங்கியது 1810ல். டப்பா திறப்பானுக்குக் காப்புரிமை வந்தது 1850களில். நடுவில் நாற்பத்தைந்து வருஷம் போல மனிதர்கள் உளியும் சுத்தியலும் வைத்துச் சாப்பாட்டை உடைத்து எடுத்தார்கள். அப்புறம் ஒரு நூறு வருஷம் கழித்து, அமெரிக்காவின் எர்மல் ஃபிரேஸ் என்பவர் வெளியூர் போன இடத்தில் திறப்பானை மறந்துவிட்டு, கார் பம்பரில் வைத்து டப்பாவைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. அந்த எரிச்சலில்தான் டப்பாவின் தலையிலேயே இழுக்கிற வளையத்தை வைத்தார். 1963ல் காப்புரிமை கிடைத்தது. அந்த வளையமும் முதலில் தனியாகக் கழன்று வரும். கண்ட இடத்தில் கிடந்து கால்களை வெட்டியது. 1975ல் டேனியல் கட்ஸிக் அதைக் கழலாமல் டப்பாவிலேயே ஒட்டி நிற்கிற மாதிரி மாற்றினார். இன்றைக்குக் குளிர்பானம் குடிக்கிற யாருக்கும் இதெல்லாம் தெரியாது. தெரியவும் வேண்டாம். விரலால் தூக்கினால் திறக்கிறது, போதும்.

உங்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. முடிந்தும் செய்யாமல் இருக்கிறீர்கள் என்பதுதான் மனதை அறுக்கிறது.

பேச ஆரம்பித்தால் ஒன்றா இரண்டா. காலாவதி தேதியை டியூபின் மடிப்பில் நிறமே இல்லாமல் அழுத்திவைக்கிறீர்கள். விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்துத் தடவித்தான் படிக்கவேண்டும். புதுத் தட்டின் நடுவில் ஒட்டுகிற ஸ்டிக்கர் உரிந்து வருவதில்லை. பாதி வந்து மீதி பிசினாக நின்றுவிடுகிறது. செலோடேப்பின் நுனியைத் தேடி நகத்தால் சுரண்டாத வீடு இருக்கிறதா? ஷாம்பூவும் கண்டிஷனரும் ஒரே பாட்டில், ஒரே நிறம், எழுத்து மட்டும் பொடியாக வேறு வேறு. குளிக்கும்போது மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு யார் குளிக்கிறார்கள்? அம்மா இரண்டையும் அடையாளம் தெரிந்துகொள்ள ஷாம்பூ பாட்டில் கழுத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருக்கிறார். ஜப்பானில் காவோ நிறுவனம் 1991லேயே ஷாம்பூ பாட்டிலின் பக்கவாட்டில் வரிவரியாக மேடு வைத்துவிட்டது. பார்வை இல்லாதவரும், கண்ணில் நுரை போனவரும் தொட்டே தெரிந்துகொள்ளலாம். அதற்கு உரிமை கொண்டாடாமல் மற்ற நிறுவனங்களும் அப்படியே செய்யட்டும் என்று விட்டுக்கொடுத்தார்கள். அங்கே அது பொது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு மேடு வைக்க என்ன செலவாகிவிடும்? அச்சு வார்க்கும்போதே வந்துவிடுகிற மேடு. இத்தனை வருஷத்தில் மற்ற எல்லாரும் ஏன் செய்யவில்லை?

மன்னிக்க வேண்டும். பேட்டரியில் ஆரம்பித்துக் குளியலறைக்குப் போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்: வெறுங்கையால் திறக்கிற மாதிரி செய்து கொடுங்கள்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒட்டிய விளிம்பில் ஒரு மூலையை மட்டும் ஒட்டாமல் விடுங்கள். இரண்டு விரலால் பிடிக்கிற அளவுக்கு அகலமாக விடுங்கள். நகத்தால் நெருடித் தேடுகிற அளவுக்கு அல்ல. எந்த மூலை என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அல்லது வெறும் அட்டைப் பெட்டியாகவே கொடுத்துவிடுங்கள். பேட்டரி எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், கண்ணால் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. பேக்கிங் எளிதாகத் திறக்கவேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. அமைப்பு 2015ல் 17480 என்ற எண்ணில் ஒரு தர விதியே வெளியிட்டிருக்கிறது. வயதானவர்களையும் கையில் வலுக் குறைந்தவர்களையும் மனதில் வைத்து எழுதியது. யாரையும் கட்டாயப்படுத்துகிற விதி அல்ல, விரும்பினவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் விரும்பவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்பேன். அடுத்த தடவை புது அச்சுக்கு ஒப்புதல் கொடுக்கும் முன், மேசையில் இருக்கும் சாம்பிள் அட்டையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுங்கள். உதவி செய்யாமல் எதிரே உட்கார்ந்து பாருங்கள். கத்தியைத் தேடி அவர்கள் எழுந்தால் அந்த அச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், எதை வாங்கினாலும் அம்மா வீட்டுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் வெட்டிப் பிரித்து, பேட்டரிகளை ஒரு துணிப் பையில் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறேன். பையின் முடிச்சை அவரால் அவிழ்க்க முடிகிறது. அந்தப் பழைய அட்டையை நான் தூக்கிப் போடவில்லை. பல் பதிந்த மூலை, கத்தி போட்ட ஓட்டைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உங்களில் யாராவது பார்க்கவேண்டும் என்று கேட்டால் தபாலில் அனுப்பிவைக்கிறேன். தயவுசெய்து கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பொருள்களைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர்