இயற்பியல் படிக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இயற்பியல்தான் படிப்பேன், இரண்டு கல்லூரிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். தாராளமாகப் படி. எந்தக் கல்லூரி, எவ்வளவு கடன் என்பதை மட்டும் கையெழுத்துப் போடும் முன் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடு.

4 ஆண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 வீதம் மொத்தம் 1,00,000 கடன் வாங்குகிறாய், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு மாறாது. படிக்கும் காலத்தில் வட்டி கட்டாமல் அது ஆண்டுதோறும் அசலோடு சேர்ந்தால், பட்டம் வாங்கும் நாளில் கடன் ஏறக்குறைய 1,27,600 ஆகியிருக்கும். அதை 10 ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 1,690. மொத்தம் கட்டுவது 2 லட்சத்துக்குச் சற்று மேல். தவணை பாரமாக இருக்கிறதென்று 15 ஆண்டாக நீட்டினால் மாதம் 1,370 ஆகக் குறையும், ஆனால் மொத்தத்தில் இன்னும் 44,000 கூடுதலாகப் போகும். மாறாக, படிக்கும்போதே அந்தந்த ஆண்டு வட்டியை மட்டும் கட்டிவந்தால் (முதல் ஆண்டு 2,500, கடைசி ஆண்டு 10,000) அசல் 1,00,000-இலேயே நிற்கும், தவணையும் 1,320 அளவில் முடியும். பகுதி நேர வேலையில் வரும் பணத்தை முதலில் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும்.

மற்ற பல படிப்புகளுக்கு இந்தக் கணக்கு பட்டத்தோடு முடிந்துவிடும். இயற்பியலில் அப்படி இல்லை. ஆராய்ச்சியாளராக வேண்டுமானால் முனைவர் பட்டம் தேவை. அது இன்னும் 5 ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். முனைவர் பட்டத்துக்குப் பல இடங்களில் கட்டணம் கேட்காமல் உதவித்தொகையும் தருகிறார்கள், அது நல்ல செய்தி. ஆனால் அந்தத் தொகை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான் காணும். பழைய கடனுக்கு அந்த 5 ஆண்டும் தவணை விடுப்பு கிடைத்தாலும், பெரும்பாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்: 1,27,600 என்பது 2,05,000-ஐத் தாண்டிவிடும். நல்ல மாணவர்கள் இயற்பியலை விட்டு விலகுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாடம் கைவிடுவதில்லை, கடன் துரத்துகிறது. நீ இயற்பியலிலேயே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் கடனைக் குறைக்கச் சொல்கிறேன்.

இளநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே முதுநிலை இருக்கிறது. அதற்குப் பல இடங்களில் உதவித்தொகை கிடையாது. முதுநிலையைத் தனியாகப் படிக்க வேண்டிய நாடாக இருந்தால் அந்தச் செலவையும் இன்றைய கணக்கிலேயே சேர்த்துக்கொள்.

சம்பளப் பட்டியல்களைப் பார்க்கும்போது கவனம். 'இயற்பியலாளர்' என்ற பெயரில் வரும் தொகை பெரும்பாலும் முனைவர் பட்டமும் பல ஆண்டு அனுபவமும் உள்ளவர்களுடையது. இளநிலையோடு வேலைக்குப் போகிறவர்களின் பதவிப் பெயரில் இயற்பியல் என்ற சொல்லே இருக்காது: மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு, கருவித் தயாரிப்பு, ஒளியியல், குறைகடத்தி, பள்ளி ஆசிரியர். கல்லூரி காட்டும் சராசரியையும் நம்பாதே. பெரிய சம்பளம் வாங்கும் இரண்டு பேர் அதை உயர்த்திவிடுவார்கள். எல்லாச் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் கீழிருந்து கால்பங்கில் நிற்பது எது என்று கேள். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், அதில் எத்தனை பேர் தகவல் கொடுத்தார்கள் என்பதையும் கேள். வேலை கிடைக்காதவர்கள் பெரும்பாலும் பதில் எழுத மாட்டார்கள்.

அந்தக் கால்பங்குச் சம்பளத்தில் வரி போகக் கைக்கு வருவதை எடுத்துக்கொள். தவணை அதில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது என் எண்ணம். 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால், தவணை தொடங்கும் நாளில் கடன் 11 மாதச் சம்பளத்துக்குள் இருக்க வேண்டும். படிக்கும்போது ஏறும் வட்டியைக் கழித்தால், நீ கையில் வாங்கக்கூடியது ஏறக்குறைய 9 மாதச் சம்பளம். 'ஓராண்டுச் சம்பளம் வரை கடன் வாங்கலாம்' என்று பலர் சொல்வதில் இந்த இடைக்கால வட்டி விட்டுப்போகிறது.

இன்னொரு செலவு யார் கண்ணுக்கும் எளிதில் படாது. இயற்பியலில் பாடங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்பவை. நுண்கணிதம் முடிக்காமல் இயக்கவியலில் உட்கார முடியாது. இயக்கவியலும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் இல்லாமல் குவாண்டம் இயக்கவியல் புரியாது. பல துறைகளில் ஒரு பாடத்தை ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள். ஆக, முதல் பருவத்தில் ஒரு கணிதப் பாடம் தவறினால் பட்டமே ஓராண்டு தள்ளிப்போகலாம்: ஓராண்டுக் கட்டணமும் கூடுதல், ஓராண்டுச் சம்பளமும் போச்சு. கட்டணம் குறைந்த கல்லூரியில் 2 ஆண்டு படித்துவிட்டு மாறும் திட்டம் நல்லதுதான். ஆனால் அங்கே படித்த நுண்கணிதத்தையும் ஆய்வகப் பாடங்களையும் நீ மாறிப்போகும் கல்லூரியில் ஏற்பார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள். வாய்ச்சொல் போதாது.

விருப்பப் பாடங்களில் நிரல் எழுதுதல், புள்ளியியல், மின்னணு ஆய்வகம் மூன்றையும் விடாதே. இளநிலையோடு வேலைக்குப் போக நேர்ந்தால் நேர்காணலில் கேட்பது இவற்றைத்தான்.

இரண்டு கல்லூரிகளுக்கும் இன்றே எழுதிக் கேள்: உதவித்தொகை 4 ஆண்டும் தொடருமா, அதற்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும், இயற்பியலில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 4 ஆண்டில் முடிக்கிறார்கள். வங்கியிடம், வட்டி எந்த நாளிலிருந்து ஓடும், எப்போது அசலில் சேரும், விகிதம் நிலையானதா மாறுவதா, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று கேள். பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்பு. இரண்டு கல்லூரிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா