ஏல விளம்பரத்தில் எண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூரில் ஏலத்துக்கு வரும், பிரிட்டனின் பிஎஸ்ஏ கம்பெனி தயாரித்த பழைய எம்20 மோட்டார் சைக்கிள் பற்றிய செய்தியை நம் நாளிதழில் படித்தோம். வண்டி இரண்டாம் உலகப் போர்க்காலத்தது, எல்லாம் ஒரிஜினல், இன்ஜின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒன்றே என்று அதில் இருந்தது. அந்தக் கடைசித் தகவல்தான் எங்களை எழுத வைத்தது. போர்க்காலத்தில் பிஎஸ்ஏ ஆலை இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் ஒரே எண்ணைக் குத்தவில்லை. இரண்டுக்கும் தனித்தனி வரிசை. இன்று ஒரு எம்20-இல் இரண்டும் ஒத்திருந்தால் அது பிற்பாடு யாரோ குத்தியது. பெருமையாகச் சொல்லப்படும் அந்த ஒற்றுமைதான் முதல் சந்தேகம்.

பர்மிங்ஹாம் ஸ்மால் ஹீத் ஆலையில் 1937-இல் வந்த மாடல் இது. சைடு வால்வு (வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில்), சிலிண்டர் விட்டம் 82 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 94 மி.மீ., 496 சிசி. போரின்போது 1,26,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் ராணுவத்துக்குப் போயின. ஆகவே எண்ணிக்கையில் இது அரிய வண்டி அல்ல. கைபடாமல் மிஞ்சியிருந்தால்தான் அரிது, விலையும் அதற்குத்தான்.

ராணுவ வண்டியின் இன்ஜின் எண் பெரும்பாலும் ‘டபிள்யூஎம்20’ என்று தொடங்கும். சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸின் இடப்பக்கம் பாருங்கள். ஆலையிலும் கையால்தான் குத்தினார்கள். எழுத்து ஒன்றிரண்டு சாய்ந்திருப்பது தவறல்ல. எழுத்தைச் சுற்றியுள்ள பரப்பைத்தான் கவனிக்க வேண்டும். வார்ப்பின் சொரசொரப்பு இருந்தால் நல்லது. அந்த இடம் மட்டும் அரம் போட்டு வழவழவென்று இருந்தால் பழைய எண் போய்விட்டது. மேலே தடித்த பெயின்ட் இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சி புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

டபிள்யூஎம்20 என்றால் முன்னால் கர்டர் ஃபோர்க் (ஸ்பிரிங் வைத்த பழைய சட்ட வகை), பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஃபிரேம். குழாய்க்குள் குழாய் இறங்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க் போர் முடிந்த பிறகே இந்த மாடலுக்கு வந்தது. டேங்கில் குரோமியம் மின்னினால் அதுவும் பிற்கால வேலைதான். போர் வண்டியில் பளபளப்புக்கு இடமே இல்லை. மாற்றியது குற்றமல்ல. மாற்றியதை ஒரிஜினல் என்று ஏலம் கூறுவதுதான் குற்றம்.

டெல்டா வண்டிகளுக்கென்று ஒரு சோதனை உண்டு. ஹெட்லைட் கண்ணாடியைக் கழற்றி உட்கூட்டின் அடிப்பகுதியை விரலால் தடவுங்கள். பேட்டரித் தட்டின் மூலைகளையும் டூல் பாக்ஸின் அடியையும் அப்படியே பாருங்கள். மாவுபோல் வண்டல் ஒட்டினால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. வெளியே எவ்வளவு கழுவினாலும் அந்த மூலைகளில் அது தங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் டைனமோ, தீப்பொறி தரும் மேக்னெட்டோ, வீல் பேரிங், கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் திறந்தே ஆக வேண்டும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருந்த வண்டி என்றால் ரிம்மில் ஸ்போக் நுழையும் துளைகளைப் பாருங்கள். உப்புக் காற்று முதலில் அரிப்பது அங்கேதான்.

அடுத்தது ஆயில். எம்20-இல் ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. பம்பை ஒட்டிய பால் வால்வு தேய்ந்தாலோ அதன் அடியில் தூசி சிக்கினாலோ, நிறுத்தி வைத்த வண்டியில் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். உதைத்ததும் புகை மண்டும். அதைக் கண்டு இன்ஜினே போச்சு என்று மலிவாகக் கேட்பவரும் உண்டு, பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று சமாளிப்பவரும் உண்டு. இரண்டும் சரியல்ல. கிராங்க்கேஸில் இறங்கிய ஆயிலை வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து, ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திரும்பும் குழாயிலிருந்து ஆயில் விட்டுவிட்டுக் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஆயில் கிராங்க்கேஸிலேயே தேங்குகிறது.

ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனதைக் காட்டி ஏலக்காரர்கள் நிறுத்திவிடுகிறார்கள். லூகாஸ் மேக்னெட்டோவின் நோய் சூடான பிறகே வெளியே வரும். கண்டென்சர் என்ற மின்தேக்கி, சுழலும் கம்பிச்சுற்றான ஆர்மெச்சருக்கு உள்ளேயே இருக்கிறது. பழசாகிப்போனது குளிர்ந்திருக்கும்வரை ஒழுங்காக வேலை செய்யும், சூடேறினால் தீப்பொறி மங்கிவிடும். சுற்றின்மேல் பூசிய ஷெல்லாக் என்ற அரக்கு இளகி ஆர்மெச்சர் உள்ளே ஒட்டிக்கொள்வதும் உண்டு. நம் ஊர் சித்திரை வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நின்ற இடத்திலேயே ஓடவிடாதீர்கள், காற்றில்லாமல் ஹெட் கொதிக்கும். 20 நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லி, நிறுத்தி, 5 நிமிடம் கழித்து மறுபடி உதைக்கச் சொல்லுங்கள். அப்போது பிடிக்காவிட்டால் பாயிண்ட் (மேக்னெட்டோவில் திறந்து மூடும் தொடுமுனைகள்) இடைவெளி 0.012 அங்குலம், அதாவது 0.3 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஆர்மெச்சரை ரீவைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நட்டுகளையும் ஒரு பார்வை பாருங்கள். இந்த வண்டியில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவும், அங்குலத்துக்கு 26 மரை உள்ள சைக்கிள் திரெட்டும்தான். மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை உருண்டுவிடும். மில்லிமீட்டர் போல்ட்டை வலுக்கட்டாயமாக ஏற்றினால் அலுமினிய கிராங்க்கேஸில் மரையே போய்விடும். ஓட்டைகளில் எபாக்சி பசை அடைத்திருந்தால் அந்தக் கதைதான்.

இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கின் உள்பூச்சைக் கரைத்து, பிய்ந்த துணுக்குகளை ஆமல் கார்புரேட்டரின் ஜெட்டில் கொண்டுவந்து அடைக்கும். ஈரத்தையும் இழுக்கும். எடுப்பவர் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கார்புரேட்டரை வடித்துவிட வேண்டும்.

காகித விஷயத்திலும் செய்தி பாதியைத்தான் சொல்கிறது. 50 ஆண்டு கடந்த, மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண்ணில் ‘விஏ’ என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்கு வாரந்தோறும் போய்வரலாம் என்று நினைத்து ஏலம் கேட்பவருக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டும். ஆர்சி யார் பெயரில் இருக்கிறது, அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் கையெழுத்திடுவார்களா என்பதும் முன்வைப்புத் தொகை கட்டுவதற்கு முன்பே தெரிய வேண்டும். ஏலத்தொகைக்கு மேல் கமிஷன், வரி எவ்வளவு என்பதும்தான்.

ஏலத்தை நடத்துபவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். இன்ஜின் எண், ஃபிரேம் எண் இரண்டின் தெளிவான படங்களையும், மாற்றிய பாகங்களின் பட்டியலையும் ஏலத்துக்கு முன்பே வெளியிடுங்கள். ஏலத்துக்கு முந்தின நாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, கேட்பவர்கள் பார்க்க அரைநாள் ஒதுக்குங்கள். நாங்கள் வருவதற்கு முன் யாரும் வண்டியை உதைத்துச் சூடாக்கி வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகள் சிலர்,
கும்பகோணம், தஞ்சாவூர்