தண்டல் மாமாவின் நோட்டுகள்

செம்பூர், மும்பை

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மழை, முழங்கால் வலி என்று சாக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, விடு. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ஆனால் நீ கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறீர்களாம், தோணி ஓட்டிய தண்டல் மாமாவின் நோட்டுகள் இருக்கிற ட்ரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடலாம் என்கிறானாம் உன் மகன். போட்டுவிடாதே. பெட்டி துருப்பிடித்திருந்தால் பெட்டியை மட்டும் போடு.

ரீகல் தியேட்டருக்கு எதிரே போலீஸ் தலைமையகம் இருக்கிறதே, அந்தப் பழைய கல் கட்டடம், நினைவிருக்கிறதா? கப்பல் கிடைக்காமல் நாம் இங்கே அலைந்த நாட்களில் அதைத் தாண்டி எத்தனை தடவை நடந்திருப்போம்! 1876இல் மாலுமிகள் விடுதியாகக் கட்டி முடித்தது அது. 1884இல் சென்னையில் கேப்டனோடு முறைத்துக்கொண்டு கப்பலை விட்டிறங்கி, ரயிலேறி பம்பாய் வந்து சேர்ந்த ஒரு இரண்டாம் மேட் (கேப்டனுக்குக் கீழே உள்ள கப்பல் அதிகாரி), மாலுமிகள் விடுதி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது நார்சிஸஸ் என்ற பாய்க்கப்பல் துறைமுகத்துக்குள் வருவதைப் பார்த்தாராம். அதிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அவர்தான் பிற்பாடு ஜோசப் கான்ராட் என்று பேர் வாங்கிய நாவலாசிரியர். போலந்துக்காரர், எழுதியது ஆங்கிலத்தில்.

இப்போதெல்லாம் சாயங்காலம் காலா கோடாவில் டேவிட் சசூன் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து அவரைப் பற்றித்தான் படிக்கிறேன். கதைகளைவிட அவருடைய காகிதங்கள் பட்ட பாடுதான் எனக்குப் பெரிய கதையாகத் தெரிகிறது. முதல் நாவலை 1889இல் தொடங்கி, முடிக்காத கட்டைக் காங்கோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். பெர்லினில் ரயில் மாறும் அவசரத்தில் அது இருந்த பையை ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலையிலேயே விட்டுவிட்டார். யாரோ ஒரு போர்ட்டர் மீட்டுக் கொடுத்தான். அவன் மட்டும் இல்லையென்றால் 1895இல் அந்தப் புத்தகம் ஏது? 1902இல் மேஜை விளக்கு வெடித்து, பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்த கதையின் ஒரு பகுதி எரிந்தே போனது. பார்வை மங்கிப்போன கிழட்டுக் கேப்டனின் கதை அது. உன் ஆபரேஷன் சேதி வந்த வாரத்தில் இதைப் படித்தேன், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. இன்னொரு கையெழுத்துப் பிரதியை அமெரிக்காவுக்கு அனுப்ப, அது 1912இல் டைட்டானிக்கோடு கடலுக்கடியில் போய்விட்டது. கடல்காரன் காகிதம் கடலுக்கே!

அதை வாங்கவிருந்தவர் ஜான் குயின் என்ற நியூயார்க் வக்கீல். 1911லிருந்து கான்ராடின் கையெழுத்துப் பிரதிகளை வாங்கிக் குவித்தார். மொத்தமாகக் கொடுத்தது ஏறக்குறைய 10,000 டாலர். 1923 நவம்பரில் ஏலம் விட்டபோது வந்தது ஏறக்குறைய 1,10,000. எழுதியவருக்கு அதில் ஒரு காசு கிடையாது. குயினைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கான்ராட் கடனில் தவித்த காலத்தில் காசு கொடுத்தவர் அவர். மறு வருஷம் ஜூலையில் குயின் போனார், ஆகஸ்டில் கான்ராட். முதல் நாவலின் பிரதி இப்போது பிலடெல்பியாவில் ரோசன்பாக் காட்சியகத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் உன் மகனிடம் சொன்னால், "மாமா, எங்க தாத்தா என்ன நாவலா எழுதினார்?" என்பான். அதற்குத்தான் வருகிறேன். 1890இல் கான்ராட் காங்கோவில் எழுதிய இரண்டு நோட்டுகளை ஹார்வர்டில் பூட்டிவைத்துக் காக்கிறார்கள். இரண்டாவதில் கதையே இல்லை. ஆறு எங்கே திரும்புகிறது, மணல்திட்டு எந்தப் பக்கம், எங்கே ஒதுங்கி விறகு ஏற்றலாம், அவ்வளவுதான். நம் ஆளுக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் புதிதில்லை. தண்டல் மாமா கொழும்புக்குத் தோணி ஓட்டிய நாளில் கோடு போட்ட நோட்டில் என்ன எழுதினார்? கச்சான் காற்று எப்போது விழுந்தது, வாடை எப்போது எழுந்தது, எத்தனை மூட்டை வெங்காயம், எந்த இடத்தில் பாய் கிழிந்தது. நம் ஊர்த் தோணிக்காரர்கள் எத்தனை பேர் இப்படி எழுதிவைத்தார்கள், நீயே சொல்.

என் கப்பல் நோட்டுகள் ஏழும் வீடு மாற்றின அன்று லாரியில் ஏறியதோடு சரி, இறங்கவில்லை. எந்தத் துறைமுகத்தில் எந்த வருஷம் என்று பேரன் கேட்டால் இப்போது உத்தேசமாகத்தான் அளக்கிறேன்.

கால் ஒத்துழைத்தால் தை மாதம் ஊருக்கு வருகிறேன். மாமாவின் கிறுக்கல் உனக்குத்தான் புரியும், நீ கண்ணாடி போட்டுக்கொண்டு வாசி, நான் எழுதிக்கொள்கிறேன். பிறகு சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பார்ப்போம். அதுவரை பெட்டியைத் தரையில் வைக்காதே. நான்கு செங்கல் கொடுத்துத் தூக்கி வை. உங்கள் வீட்டுக் கரையானைப் பற்றி எனக்குத் தெரியும்.

உன்,
சங்கரலிங்கம்