தொங்கும் ரயிலைப் படம்பிடிக்க ஜப்பான் வரும் தமிழ்ச் சேனல் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் வந்து இறங்கினால் டோக்கியோ, கியோட்டோ, ஷின்கான்சென் என்று சுற்றிவிட்டுப் போவதுதான் வழக்கம். இப்போது உங்களில் சிலர் தொங்கும் ரயில் ஓடும் ஊர்களான ஓஃபுனாவுக்கும் சிபாவுக்கும்கூட வரத் தொடங்கியிருக்கிறீர்கள். மனசுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது. நான் ஓஃபுனாவிலிருந்து கிளம்பும் ஷோனான் மோனோரயில் என்ற தொங்கும் ரயிலின் பாதையோரம் குடியிருப்பவன். வேலைக்குப் போவதும் திரும்புவதும் அதில்தான். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்க இந்த மடலை எழுதுகிறேன்.

‘தலைகீழாகத் தொங்கும் ரயில்’, ‘உயிர் போய் உயிர் வந்தது’ என்ற மாதிரியான தலைப்புகளோடு இந்த ரயில் நம் மக்களுக்கு அறிமுகமாகிக்கொண்டிருக்கிறது. பார்ப்பவர்கள் இதை ஏதோ பொழுதுபோக்குப் பூங்கா ராட்டினம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து இதைப் பொதுப் போக்குவரத்தாகக் காட்டுங்கள். காலை ஏழரை மணிக்குப் பள்ளிப் பையோடு ஏறும் பிள்ளைகளுக்கும், கைத்தடியோடு மருத்துவமனைக்குப் போகும் பாட்டிக்கும் இது ஒரு டவுன் பஸ். அப்படிக் காட்டினாலும் சுவாரசியம் குறையாது. என்னைக் கேட்டால் அப்போதுதான் கூடும்.

ஷோனான் மோனோரயில் ஓஃபுனாவிலிருந்து ஷோனான்-எனோஷிமா வரை 6.6 கிலோமீட்டர் ஓடுகிறது. எட்டு நிலையங்கள், பதினான்கு நிமிடப் பயணம். 1970 மார்ச்சில் நிஷி-காமாகுரா வரை ஓடத் தொடங்கி, அடுத்த ஆண்டு கடற்கரைப் பக்கம் முழுவதுமாக வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் இந்தக் குன்றுகளின் மேல் புதுப்புது வீட்டு மனைகள் எழும்பிக்கொண்டிருந்தன. சாலைகளோ குறுகலானவை. தரையில் தண்டவாளம் போட வேண்டுமென்றால் குன்றை வெட்ட வேண்டும், வீடுகளை இடிக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த சாலையின் ஓரமாகத் தூணை நட்டு, மேலே உத்தரத்தைக் கொண்டுபோய், அதிலிருந்து பெட்டியைத் தொங்கவிட்டால் கீழே தூண் நிற்கும் இடம் மட்டும் போதும். ஏற்ற இறக்கமும் பிரச்சினையில்லை. உள்ளே ஓடுவது ரப்பர் டயர் என்பதால் ஆயிரம் மீட்டருக்கு 74 மீட்டர் ஏறும் சரிவில்கூட வழுக்காமல் ஏறுகிறது. சாதாரண ரயில் திணறுகிற ஏற்றம் அது.

இந்த அமைப்பைத்தான் நீங்கள் நின்று நிதானமாகக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சஃபேஜ் என்ற பிரெஞ்சு முறை இது. ஜப்பானில் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் அதை எடுத்துச் செய்தது. மேலே தெரியும் உத்தரம் கெட்டியான கட்டை கிடையாது. உள்ளே குடைவான எஃகுப் பெட்டி. அடிப்பக்கத்தில் மட்டும் நீளமாக ஒரு பிளவு. சக்கரங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓடுகின்றன, பிளவு வழியாக இறங்கும் இணைப்பில் பயணிகள் பெட்டி தொங்குகிறது. மழையோ பனியோ ஓடுபாதையில் விழ வழியே இல்லை. பனி கொட்டும் நாளில் பஸ் நின்றுபோனாலும் இது பாட்டுக்கு ஓடும். ஓஃபுனா பிளாட்பாரத்தின் முனையில் நின்று கேமராவை மேலே திருப்பினால் அந்தப் பிளவும், உள்ளே இருட்டில் டயர்கள் ஓடும் தளமும் தெரியும். ரயில் வருவதற்கு முன்பே உத்தரத்துக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பின்னணி இசை போட்டு மூடிவிடாதீர்கள்.

அப்புறம் அந்த ஆட்டம். வளைவில் பெட்டி வெளிப்பக்கம் வீசுவதைக் காட்டி ‘விழுந்துடும் போல இருக்கு’ என்று கத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம். கையில் தூக்குவாளியோடு வேகமாகத் திரும்பிப் பாருங்கள். வாளி சாயும், உள்ளே இருக்கும் பால் சிந்தாது. இங்கேயும் அதேதான். பெட்டி தானாகச் சாய்ந்துகொடுப்பதால் உள்ளே நிற்பவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை குறைகிறது. மணிக்கு 75 கிலோமீட்டர் வரை வேகமெடுக்கும் ரயிலில், குன்றைச் சுற்றிச் சுற்றி வளையும் பாதையில், நின்றபடியே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் புத்தகம் படிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆட்டம் இந்த அமைப்பின் பாதுகாப்பில் ஒரு பகுதி. அதை விளக்கிச் சொன்னால் நம் ஊர்ப் பள்ளி மாணவன் ஒருவன் இயற்பியல் பாடத்தை மறக்காமல் வைத்துக்கொள்வான்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். இந்த ரயில் வீடுகளின் மாடி உயரத்தில் போகிறது. நிஷி-காமாகுரா, கத்தசேயாமா பக்கமெல்லாம் சன்னல் வழியாகப் பார்த்தால் பால்கனியில் காயும் துணி, சாப்பாட்டு மேசை, சாமிப் படம் வைக்கும் மாடம் வரை தெரியும். தினமும் போகிறவர்கள் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. சிலர் ஜூம் செய்து, ‘ஜப்பான்காரங்க வீட்டுக்குள்ள பாருங்க’ என்று காட்டுகிறார்கள். நம் வீட்டு மொட்டை மாடியில் வடாம் காயவைக்கும் அம்மாவை யாராவது அப்படிப் படமெடுத்து ஊருக்குக் காட்டினால் நாம் சும்மா இருப்போமா? கேமராவை முன்பக்கக் கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குன்றுக்குள் நுழையும் இரண்டு சுரங்கப் பாதைகள், ஒற்றைத் தடத்தில் எதிர் ரயிலுக்காக நிலையத்தில் காத்து நிற்பது, கடைசியில் கடல் பக்கம் இறங்குவது என்று காட்ட அங்கேயே நிறைய இருக்கிறது. குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலையும் தெரியும். ஆனால் முன்கண்ணாடியை முழுப் பயணமும் மறித்து நிற்க வேண்டாம். பின்னால் ஒரு குழந்தை எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ரயில் மூன்றே பெட்டிதான். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒன்று வந்தாலும் காலையிலும் மாலையிலும் நிரம்பி வழியும். ஷோனான்-மச்சியா பக்கம் தொழிற்சாலைக்குப் போகும் கூட்டமே பெரிய கூட்டம். அந்த நேரத்தில் ட்ரைபாடு, பெரிய பெட்டி, நாலைந்து பேர் கொண்ட குழு என்று ஏறினால் அன்றாடப் பயணிக்கு இடமில்லாமல் போகிறது. அவர்கள் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பார்கள். அவ்வளவுதான். இதே வட்டாரத்தில் ஓடும் எனோடென் ரயிலின் காமாகுரா-கோகோ-மாயே நிலையத்துக்குப் பக்கத்து ரயில்வே கேட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். படமெடுக்க வந்த கூட்டம் சாலையில் இறங்கி நின்று, ஒழுங்குபடுத்தக் காவலுக்கு ஆள் நிறுத்தும் அளவுக்குப் போனது. ஷோனானுக்கு அது வர வேண்டாம்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று கேட்கலாம். ஜப்பானில் தொங்கும் ரயில்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வருவதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நாட்டின் முதல் மோனோரயிலே தொங்கும் ரயில்தான். 1957 டிசம்பர் 17 அன்று உயேனோ உயிரியல் பூங்காவில் ஓடத் தொடங்கியது. வெறும் 300 மீட்டர்ப் பாதை. ஆனால் அதை நடத்தியது டோக்கியோ பெருநகரப் போக்குவரத்துத் துறை. நகரத்துத் தெருக்களில் டிராமுக்கு மாற்றாக எதிர்காலத்தில் என்ன ஓட்டலாம் என்று சோதித்துப் பார்க்கக் கட்டியது. மக்கள் கண்ணில் அது யானை, பாண்டா பார்க்க வந்த இடத்தில் ஒரு குட்டிச் சவாரியாகவே நின்றுவிட்டது. பெட்டிகள் பழசாகின. உலகில் வேறெங்கும் இல்லாத அமைப்பு என்பதால் புதுப் பெட்டியைத் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், செலவு கட்டுப்படியாகவில்லை. 2019 நவம்பரில் நிறுத்தினார்கள், 2023 டிசம்பரில் அதிகாரபூர்வமாகவே மூடிவிட்டார்கள். நகோயாவின் ஹிகாஷியாமா பூங்காவில் 1964இல் தொடங்கிய இன்னொன்று பத்தே ஆண்டில் முடிந்துபோனது.

ஹிரோஷிமாவின் செனோ நிலையத்திலிருந்து குன்றின் மேலிருக்கும் மிடோரிசாக்கா குடியிருப்புக்கு ஏறிய ஸ்கைரெயில்தான் என்னை மிகவும் பாதித்தது. 1998இல் வந்தது. 1.3 கிலோமீட்டர்தான். உத்தரத்தில் தொங்கும் சின்னக் கூண்டுகளைக் கம்பிவடம் இழுத்துக்கொண்டு மேலே போகும். அதில் வேடிக்கை பார்க்கப் போனவர்கள் குறைவு. மேலே வீடு கட்டிக் குடியேறியவர்களுக்குக் கால்கள் மாதிரி இருந்தது. இதே கதைதான் அங்கும்: உலகில் ஒன்றே ஒன்று, உதிரிபாகம் கிடைக்காது, பராமரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போகும். 2024 ஏப்ரல் கடைசியோடு நின்றது. இப்போது மின்சார பஸ் ஓடுகிறது.

ஆக, பொதுப் போக்குவரத்தாக மிஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று ஷோனான். இன்னொன்று சிபா. இரண்டும் சஃபேஜ் முறை என்பதுதான் எனக்கு இருக்கும் நம்பிக்கை. ஒன்றுக்குக் கற்றுக்கொண்ட வேலை மற்றதற்கும் உதவும்.

சிபாவைப் பற்றித் தமிழில் சரியான காணொளி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. 1988இல் தொடங்கி 1999 வரை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, இரண்டு வழித்தடமும் சேர்த்து 15.2 கிலோமீட்டர். உலகிலேயே நீளமான தொங்கும் மோனோரயில் என்று கின்னஸ் பதிவு 2001இல் கிடைத்தது. ஜெர்மனியின் வுப்பர்டாலில் 1901இலிருந்து ஓடுவதைவிட இது நீளம். ஷோனான் போல ஒற்றைத் தடம் இல்லை, இரட்டைத் தடம். சாலையின் நடுவே தூண்கள், இரு பக்கமும் ரயில் தொங்கிப் போகும். சிபா நிலையத்தருகே இரண்டு வழித்தடங்களும் பிரியும் இடத்தில் தலைக்கு மேல் உத்தரங்கள் ஒன்றையொன்று தாண்டிப் போவதை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் வரை நிற்கத் தோன்றும். 2012இல் வந்த அர்பன் ஃப்ளையர் வண்டியில் ஓட்டுநரின் காலடியிலேயே கண்ணாடி. கீழே போகும் கார்களின் கூரை தெரியும்.

அந்த ஊரிலும் பணக் கஷ்டம் இருந்தது. முதல் வழித்தடத்தை மாவட்ட அலுவலகத்துக்கு அப்பால் நீட்டும் திட்டத்தைச் சிபா மாநகராட்சி 2019இல் கைவிட்டது. ஆனால் சிஷிரோடாய் குடியிருப்பிலிருந்து வரும் ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் சீசன் டிக்கெட்டில் ஏறுகிறார்களே, அவர்கள்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அவர்களை உங்கள் காணொளியில் காட்ட வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டாம், அவர்கள் போகும் இடத்தைக் காட்டுங்கள்: ட்சுகா நிலையத்தில் இறங்கி ஜேஆர் நிறுவனத்தின் சாதாரண ரயிலுக்கு மாறும் கூட்டம், சிபா பூங்கா நிலையத்தில் ஜூன் மாதம் தாமரை பார்க்க இறங்கும் முதியவர்கள். ஈராயிரம் ஆண்டுப் பழமையான விதையிலிருந்து 1951இல் முளைக்க வைத்த ஓகா தாமரை அங்கே குளம் நிறையப் பூக்கும்.

அடுத்த முறை வரும்போது இப்படிச் செய்து பாருங்கள். வார நாளில் பத்து மணிக்கு மேல், கூட்டம் அடங்கியபின் ஏறுங்கள். ஐசி அட்டை (பணம் ஏற்றிவைத்துத் தொட்டுவிட்டுப் போகும் பயண அட்டை) இரண்டு இடத்திலும் செல்லும். முதல் முறை கேமராவை வெளியே எடுக்காமல் முனையிலிருந்து முனை வரை போங்கள், திரும்பி வரும்போது எடுங்கள். நடு நிலையம் ஒன்றில் இறங்கி, ஷோனான்-ஃபுகாசாவாவோ மெஜிரோயாமாஷிதாவோ, அந்தத் தெருவில் கொஞ்சம் நடந்து ஒரு கடையில் ஏதாவது வாங்குங்கள். பெரிய குழுவாக வருவதாக இருந்தால் நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். ஜப்பானிய மொழியில் அந்தக் கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் எனக்கு ஒரு வரி போடுங்கள், எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஷோனான் மோனோரயிலின் அன்றாடப் பயணி ஒருவன்